ஒரு தீவு வெளுத்த கதை

கரீபியன் கடலில் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவில், 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, நூற்றுக்கு 76 பேர் வெள்ளையர். அடுத்த கணக்கெடுப்பு 2020இல் நடந்தது. அப்போது தங்களை வெள்ளையர் என்று மட்டும் குறித்தவர்கள் நூற்றுக்கு 17 பேர். இடையில் 2017இல் மரியா புயல் தீவைப் புரட்டிப் போட்டது. அந்தப் பத்தாண்டில் லட்சக்கணக்கானோர் அமெரிக்கப் பெருநிலத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். ஆனால் மூட்டை கட்டியவர்களில் எல்லா நிறத்தவரும் இருந்தார்கள். தீவில் தங்கியவர்கள் பெரும்பாலும் அதே மக்கள், அதே வீடுகள், அதே தோல். அப்படியென்றால் அத்தனை வெள்ளையரும் எங்கே போனார்கள்?

இதே தீவு ஒரு நூற்றாண்டுக்கு முன்பு எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. 1910இல் 65.5 சதவீதமாக இருந்த வெள்ளையர் 1920இல் 73 சதவீதம் ஆனார்கள். அந்தப் பத்தாண்டில் ஐரோப்பாவிலிருந்து கப்பல் கப்பலாக யாரும் வந்து இறங்கவில்லை. மாரா லவ்மன், ஜெரோனிமோ முனிஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் அந்தப் பழைய படிவங்களை எடுத்து ஆராய்ந்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். பிறப்பு, இறப்பு, வந்தவர், போனவர் என்று எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தபிறகும் வெள்ளையர் எண்ணிக்கை மிஞ்சி நின்றது. அந்த மிச்சம் பிறந்த இடம் கணக்கெடுப்பாளரின் பேனா முனை. கலப்புத் தம்பதிகளின் பிள்ளைகளை முன்பு ‘முலாட்டோ’ என்று எழுதியவர்கள், பத்தாண்டு கழித்து ‘வெள்ளை’ என்று எழுதத் தொடங்கியிருந்தார்கள். வெள்ளை என்ற கட்டத்தின் வேலி சற்றுத் தள்ளி நடப்பட்டது. ஆயிரக்கணக்கான குழந்தைகள் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு வேலிக்கு உள்ளே வந்துவிட்டார்கள்.

தீவை 1898இல் ஸ்பெயினிடமிருந்து பறித்த அமெரிக்கா, தன் ஊரில் வேறு விதி வைத்திருந்தது. ஒரு துளி கறுப்பு ரத்தம் இருந்தாலும் ஆள் கறுப்பர். தீவின் வழக்கம் இதற்கு நேரெதிர். பார்வைக்கு வெளுப்பாக இருந்து, கையில் கொஞ்சம் காசும் படிப்பும் இருந்தால், பாட்டியைப் பற்றி யாரும் துருவுவதில்லை. துருவினால் அது வம்பு. 1942இல் ஃபோர்ட்டுனாட்டோ விஸ்கரோண்டோ எழுதிய ஒரு கவிதையைத் தீவில் அறியாதவர் குறைவு. தன்னைக் கறுப்பன் என்று ஏளனம் செய்யும் வெளுத்த மனிதனிடம், உன் பாட்டியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று ஒரு கறுப்பு மனிதன் கேட்பதுதான் அந்தக் கவிதை. விருந்தாளி வந்தால் பாட்டியை அடுப்படியில் மறைத்து வைக்கும் குடும்பங்கள் அங்கே இருந்தன.

மறைப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஸ்பெயினின் அமெரிக்கப் பேரரசில் நிறம் வரியையும் பதவியையும் படிப்பையும் தீர்மானித்தது. மெக்சிகோவில் 18ஆம் நூற்றாண்டில் ஓவியர்கள் இந்தக் கலப்புகளை வரிசையாகத் தீட்டினார்கள். பெரும்பாலும் பதினாறு சட்டகங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தந்தை, ஒரு தாய், ஒரு பிள்ளை. கீழே அந்தப் பிள்ளையின் ‘சாதி’யின் பெயர். சாதியைக் குறிக்க ஸ்பானியர் எழுதிய சொல் ‘காஸ்தா’. 1795இல் ஸ்பெயின் அரசு ஒரு விலைப்பட்டியலையே வெளியிட்டது. ‘பார்தோ’ என்ற கலப்பு நிலையின் தடைகளிலிருந்து விலக்கு வாங்க 500 ரியால். வெள்ளைக்கு இன்னும் நெருக்கமான ‘கின்டெரோன்’ நிலைக்கு 800 ரியால். அரச முத்திரையோடு வெண்மை விற்பனைக்கு வந்தது. வாங்கியவர்கள் சொற்பம் என்றாலும் அந்தப் பட்டியல் ஒன்றைச் சொல்லிவிட்டது: இனம் எழுதப்படுவது தாளில்.

தாளை விட்டு உடம்புக்குப் போவோம். உடம்பு சொல்லும் கதை இன்னும் வியப்பானது.

போர்ட்டோ ரிக்கோவின் பள்ளிப் பாடங்களில் பல தலைமுறைகள் படித்த செய்தி ஒன்று உண்டு. கொலம்பஸ் 1493இல் தீவுக்கு வந்தபோது அங்கே வாழ்ந்த தாயினோ மக்கள் நோயாலும் அடிமை வேலையாலும் 16ஆம் நூற்றாண்டிலேயே அழிந்துபோனார்கள். மாயாகுவெஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் மரபியல் ஆசிரியரான ஹுவான் கார்லோஸ் மார்ட்டினெஸ் குருசாடோ, தீவு முழுவதிலிருந்தும் சுமார் 800 பேரின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை எடுத்துப் பார்த்தார். இந்த டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருவது. தாய், தாயின் தாய், அவளுடைய தாய் என்று ஒரே கோட்டில் பின்னோக்கிப் போகும். கோட்டின் மறுமுனையில் நின்றது யார்? 61 சதவீதம் பேருக்கு அமெரிக்கப் பூர்வகுடிப் பெண். ஏறத்தாழ 27 சதவீதம் பேருக்கு ஆப்பிரிக்கப் பெண். ஐரோப்பியப் பெண் 12 சதவீதம் பேருக்கு மட்டுமே. ‘ஸ்பானிய வம்சம்’ என்று நெஞ்சு நிமிர்த்திய தீவின் தாய்வழியில் ஸ்பானியத் தாய்மார் இவ்வளவு குறைவு.

தந்தை வழியில் காட்சி தலைகீழ். ஆண்களுக்கு மட்டும் கைமாறும் ஒய் குரோமோசோமில் பெரும்பகுதி ஐரோப்பாவையும் அதைச் சுற்றிய நாடுகளையும் காட்டுகிறது. பூர்வகுடி ஆணின் தடம் கிட்டத்தட்ட இல்லை. பிரேசிலிலும் இதே நிலைதான். அங்கே தங்களை வெள்ளையர் என்று சொல்பவர்களிடம் 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் 33 சதவீதம் தாய்வழிகள் பூர்வகுடி, 28 சதவீதம் ஆப்பிரிக்கம். இந்த எண்களை வெறும் புள்ளிவிவரமாக என்னால் வாசிக்க முடிவதில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். தாய்மார் ஆனவர்கள் கரையில் இருந்த பெண்களும், விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட பெண்களும். அவர்களில் எத்தனை பேரிடம் சம்மதம் கேட்கப்பட்டது என்று எந்தத் தேவாலயப் பதிவேடும் சொல்லாது. ஒவ்வொரு செல்லிலும் அந்தப் பெண்களின் முத்திரை மட்டும் அழியாமல் கைமாறி வந்திருக்கிறது.

ஒரு சந்தேகம் வரலாம். 61 சதவீதம் பேருக்குப் பூர்வகுடித் தாய்வழி என்றால் அவர்கள் பெரும்பாலும் தாயினோக்களா? இல்லை. முழு மரபுத்தொகுதியையும் எடுத்துப் பார்த்தால் போர்ட்டோ ரிக்கர்களிடம் பூர்வகுடிப் பங்கு சராசரியாக 15 சதவீதம்தான். ஐரோப்பியப் பங்கு 64, ஆப்பிரிக்கப் பங்கு 21 சதவீத அளவில். பத்துத் தலைமுறைக்கு முன்னால் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு. தாய்வழிக் கோடு அவற்றில் ஒரே ஓர் இடத்தைத்தான் தொடும். முதல் தாயினோ தாயின் மகள் ஒரு ஸ்பானியரை மணந்தாள், அவள் மகளும் அப்படியே என்று வைத்துக்கொள்ளுங்கள். மைட்டோகாண்ட்ரியா அப்படியே இறங்கி வரும். மற்ற மரபணுக்களில் தாயினோ பங்கு தலைமுறைதோறும் பாதியாகும். பஹாமாஸ் தீவுக் குகை ஒன்றில் கிடைத்த ஆயிரம் ஆண்டுப் பழைமையான ஒரு பெண்ணின் பல்லிலிருந்து முழு மரபுத்தொகுதியை எடுத்து 2018இல் ஒப்பிட்டார்கள். இன்றைய போர்ட்டோ ரிக்கர்களின் பூர்வகுடிப் பகுதி அதற்கு நெருங்கிய உறவாக நின்றது. அழிந்துவிட்டதாகப் பாடம் சொன்ன மக்கள், பாடம் படித்த பிள்ளைகளுக்குள் இருந்தார்கள்.

சரி, தோலைப் பார்த்து இந்தக் கலவையைக் கண்டுபிடிக்க முடியுமா?

எல்லோர் தோலிலும் மெலனோசைட் என்ற நிறமிச் செல்கள் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில்தான் உள்ளன. அவை எந்த வகை மெலனினை எவ்வளவு செய்கின்றன, அதைப் பொதிந்து அனுப்பும் நுண்பைகள் எவ்வளவு பெரியவை என்பதில்தான் நிறம் மாறுகிறது. இதைக் கட்டுப்படுத்தும் மரபணுக்கள் பல இருந்தாலும் சிலவற்றின் கை ஓங்கியிருக்கிறது. எஸ்எல்சி24ஏ5 என்ற மரபணுவை 2005இல் கீத் செங் குழுவினர் ஜீப்ரா மீனின் பொன்னிற வகை ஒன்றிலிருந்து கண்டுபிடித்தார்கள். அந்த மரபணுவில் ஒற்றை எழுத்து மாறினால் தோல் கணிசமாக வெளுக்கும். மாறிய எழுத்து ஐரோப்பியரில் கிட்டத்தட்ட எல்லோரிடமும் இருக்கிறது. இந்தியாவிலும் பரவலாக இருக்கிறது, தெற்கிலும் உண்டு. இரண்டு இடத்திலும் அது ஒரே மூலத்திலிருந்து வந்தது என்று 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. செவில் நகரத்து ஸ்பானியரும் மதுரைக்காரரும் இந்த ஓர் எழுத்தில் உறவினராக இருக்கலாம்.

லத்தீன் அமெரிக்கர்கள் 6,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த இன்னோர் ஆய்வு 2019இல் வெளியானது. எம்எஃப்எஸ்டி12 என்ற மரபணுவில் தோலை வெளுக்கவைக்கும் ஒரு மாற்றத்தை அது கண்டது. ஐரோப்பாவில் அது அரிது. கிழக்கு ஆசியரிடமும் அமெரிக்கப் பூர்வகுடிகளிடமும் அது மிகுதி. சைபீரியா வழியாக அமெரிக்கக் கண்டத்துக்கு நடந்து வந்த மூதாதையர் கொண்டுவந்த சொத்து அது. லீமாவிலோ மெக்சிகோவிலோ ஒரு குடும்பம் ‘ஸ்பானியத் தாத்தாவின் நிறம்’ என்று பெருமைப்படும் வெளுப்பில், யாரும் படம் மாட்டி வைக்காத பூர்வகுடிப் பாட்டியின் பங்கும் இருக்கக்கூடும்!

மூதாதையர் மரபும் தோல் நிறமும் இப்படிப் பிரிந்து நடப்பதற்குக் காரணம், கருமுட்டையும் விந்தும் உருவாகும்போது குரோமோசோம்கள் சீட்டுக்கட்டுபோலக் கலைக்கப்படுவது. பெற்றோர் இருவருமே கலப்பு மரபினர் என்றால் ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளில் ஒருவருக்கு நிறமி மரபணுக்களின் ஆப்பிரிக்க வடிவங்களும், இன்னொருவருக்கு ஐரோப்பிய வடிவங்களும் வந்து சேரலாம். மொத்த ஆப்பிரிக்க மரபு இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவாகவே இருந்தாலும்கூட. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1928இல் பிறந்த எழுத்தாளர் பிரி தாமஸின் வாழ்க்கை இதுதான். தாய் போர்ட்டோ ரிக்கோக்காரர், தந்தை கியூபாக்காரர். பிள்ளைகளில் பிரிதான் கறுப்பு. வீட்டுக்குள் எல்லோரும் போர்ட்டோ ரிக்கர்கள். தெருவில் இறங்கினால் உடன்பிறந்தவர்கள் ஓர் இனம், அவர் வேறோர் இனம். 1967இல் அவர் எழுதிய தன்வரலாறு இந்தக் காயத்தைப் பற்றியதே.

மரபுக் கலவையை நம் உள்ளுணர்வாவது அறியுமா என்றால், அதையும் தோல்தான் ஏமாற்றுகிறது. பிரேசில், சிலி, கொலம்பியா, மெக்சிகோ, பெரு ஆகிய ஐந்து நாடுகளில் 7,000க்கும் மேற்பட்டோரிடம், உங்களில் ஐரோப்பியப் பங்கு எவ்வளவு, ஆப்பிரிக்கப் பங்கு எவ்வளவு, பூர்வகுடிப் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள், டிஎன்ஏவையும் சோதித்தார்கள். 2014இல் வெளியான முடிவுகளின்படி, வெளுத்த தோலுள்ளவர்கள் தங்கள் ஐரோப்பியப் பங்கை இருப்பதைவிடக் கூட்டிச் சொன்னார்கள். கறுத்த தோலுள்ளவர்கள் ஆப்பிரிக்க, பூர்வகுடிப் பங்குகளைக் கூட்டிச் சொன்னார்கள். கண்ணாடியில் தெரிவதைத்தான் மனிதர் வம்சமாக வாசிக்கிறார்கள்.

அடுத்தவர் கண் இன்னும் தடுமாறும். பிரேசிலில் 1976இல் ஓர் அரசு ஆய்வில் நிறத்தை உங்கள் சொல்லிலேயே சொல்லுங்கள் என்றபோது 130க்கும் மேற்பட்ட பெயர்கள் வந்து குவிந்தன. அப்படிப்பட்ட நாட்டில் பல்கலைக்கழக இடஒதுக்கீடு வந்தபோது, யார் கறுப்பர் என்று தீர்மானிக்கக் குழுக்கள் அமைந்தன. 2007இல் பிரேசிலியா பல்கலைக்கழகக் குழு ஒன்று புகைப்படங்களைப் பார்த்து, இரட்டையரில் ஒருவரைக் கறுப்பர் என்று ஏற்றது, மற்றவரை மறுத்தது. அவர்கள் ஒரே கருவிலிருந்து பிறந்தவர்கள், டிஎன்ஏ எழுத்துக்கு எழுத்து ஒன்று. நாடே அதிர்ந்தது, முடிவும் பின்னர் திருத்தப்பட்டது. இதை வைத்து இடஒதுக்கீடே தவறு என்று வாதிட்டவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. பிரேசிலில் ஒருவருக்கு வேலை மறுப்பவரோ, போலீஸ்காரரோ டிஎன்ஏ பார்ப்பதில்லை, முகத்தைத்தான் பார்க்கிறார்கள். காயம் முகத்தின் வழியே வரும்போது ஈடும் முகத்தைப் பார்த்துத்தான் தரவேண்டியிருக்கிறது, எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும்.

முகத்தைப் பார்ப்பது உடம்புக்குள் என்ன செய்யும் என்பதற்கு, எனக்குத் தெரிந்தவரை மிக நேர்த்தியான சான்று மறுபடியும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்துதான் வருகிறது. தீவின் தென்கிழக்கில் குவயாமா என்ற ஊர். பழைய கரும்பு நாடு, அடிமைகள் உழைத்த மண். கிளாரன்ஸ் கிராவ்லி என்ற மானுடவியலாளர் அங்கே தங்கி, ஊர்க்காரர்கள் மனிதர்களை எப்படிப் பிரித்துப் பேசுகிறார்கள் என்பதை முதலில் கற்றுக்கொண்டார். ‘பிளாங்கோ’ வெள்ளை. ‘த்ரிகேனியோ’ கோதுமை நிறம். ‘ஹபாவ்’ என்றால் வெளுத்த தோல், ஆனால் சுருண்ட முடி. ‘இந்தியோ’ செம்மண் நிறமும் நேரான முடியும். ‘நெக்ரோ’ கறுப்பு. தோல் மட்டும் போதாது, முடியும் சாட்சி சொல்லவேண்டும்.

பிறகு அவர் நூறு பேரின் ரத்த அழுத்தத்தை எடுத்தார். தோலில் பட்டுத் திரும்பும் ஒளியை அளக்கும் கருவியால் வெயில் படாத கைப்பகுதியின் நிறமியைத் துல்லியமாக அளந்தார். கூடவே, ஊர் வழக்கப்படி ஒவ்வொருவரும் எந்தப் பெயரில் பார்க்கப்படுவார் என்பதையும் கணக்கிட்டார். ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு ரத்த அழுத்தம் கூடுதல் என்பது அமெரிக்க மருத்துவத்தில் பழைய பேச்சு. காரணம் மரபணு என்று பலர் தேடிக்கொண்டிருந்தார்கள். கிராவ்லி 2005இல் வெளியிட்ட விடை வேறு. கருவி அளந்த கறுப்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. ஊர் தரும் பெயருக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு தெரிந்தது. அதிலும் ஒரு முறுக்கு: ‘வெள்ளை’, ‘கோதுமை நிறம்’ என்று பார்க்கப்படுபவர்களுக்கு வருமானமும் படிப்பும் ஏற ஏற அழுத்தம் இறங்கியது. ‘நெக்ரோ’ என்று பார்க்கப்படுபவர்களுக்கு வருமானமும் படிப்பும் ஏற ஏற அழுத்தமும் ஏறியது. படித்து, நல்ல வேலைக்குப் போய், நல்ல தெருவில் வீடு வாங்கிய கறுப்பு மனிதர், தன்னைச் சந்தேகமாகப் பார்க்கும் கண்களுக்கு நடுவே இன்னும் அதிக நேரம் வாழவேண்டியிருக்கிறது என்பது அவர் தரும் விளக்கம். அதே ஊர்க்காரர்களின் டிஎன்ஏவை 2009இல் சேர்த்துப் பார்த்தபோதும், முன்னால் நின்றது மூதாதையர் மரபல்ல, ஊர் தந்த பெயர்தான். நூறு பேர் சிறிய எண்ணிக்கை, ஒரே ஊர். ஆனாலும் தோலையும், பெயரையும், மரபையும் தனித்தனியே பிரித்து அளந்து பார்த்த ஆய்வுகள் மிகக் குறைவு. அதனால்தான் இதை இவ்வளவு நேரம் சொன்னேன்.

தேசம் இதில் எங்கே வருகிறது? ஊர் தரும் பெயருக்கு அரசு முத்திரை குத்தும்போது. போர்ட்டோ ரிக்கோவுக்கு மேற்கே அடுத்த தீவில் டொமினிக்கன் குடியரசும் ஹைட்டியும் முதுகோடு முதுகாக இருக்கின்றன. டொமினிக்கர்கள் கொண்டாடும் 1844 சுதந்திரம் ஸ்பெயினிடமிருந்து பெற்றதல்ல, ஹைட்டியிடமிருந்து பெற்றது. ஆகவே அந்தத் தேசத்தில் கறுப்பு என்பது ‘அண்டை நாட்டான்’ என்றானது. சர்வாதிகாரி துருஹியோ காலத்தில், ஆப்பிரிக்க மரபு வெளிப்படையாகத் தெரியும் குடிமக்களுக்கும் அடையாள அட்டையில் ‘இந்தியோ’ என்று எழுதினார்கள். வெளிர் இந்தியோ, அடர் இந்தியோ என்று அதிலும் தரம். அதே துருஹியோவின் தாய்வழிப் பாட்டிக்கு ஹைட்டிய வேர் உண்டு. 1937இல் அவர் உத்தரவில் எல்லையோரத்தில் ஆயிரக்கணக்கான ஹைட்டியர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2013இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், 1929 முதல் முறையான ஆவணமற்ற குடியேறிகளுக்குப் பிறந்தவர்கள் குடிமக்களே அல்ல என்று தீர்ப்பளித்தது. அதில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் ஹைட்டிய வம்சாவளியினர். அங்கேயே பிறந்து, அந்த மொழியே பேசி வளர்ந்தவர்கள் ஒரே நாளில் நாடற்றவர்கள் ஆனார்கள். இலங்கையில் மலையகத் தமிழர் 1948இல் குடியுரிமை இழந்ததை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது.

அமெரிக்கப் பெருநிலத்தில் கட்டங்கள் வேறு மாதிரி நகர்ந்தன. 1930 கணக்கெடுப்பில் மட்டும் ‘மெக்சிகன்’ ஓர் இனம். எதிர்ப்புக்குப் பிறகு 1940இல் அவர்கள் மீண்டும் வெள்ளையர். இந்தியர்களும் இந்த விளையாட்டுக்குத் தப்பவில்லை: 1920 முதல் 1940 வரை ‘இந்து’ என்ற இனம், 1970இல் வெள்ளையர், 1980இல் ஆசியர். லத்தீன் மக்களுக்கு 1980 முதல் இரண்டு கேள்விகள். நீங்கள் ஹிஸ்பானிக் மரபினரா என்று ஒன்று. என்ன இனம் என்று இன்னொன்று. தன் இனமே ‘போர்ட்டோ ரிக்கன்’ என்று நினைக்கும் மனிதர் இரண்டாம் கேள்விக்கு என்ன எழுதுவார்?

2020இல் வெள்ளை, கறுப்பு என்று குறித்தவர்களுக்கும் இரண்டாம் கேள்வியின் கட்டத்தின் கீழே தங்கள் பூர்வீகத்தை எழுத இடம் கிடைத்தது. முன்பு முதல் 30 எழுத்துகளை மட்டும் எடுத்துக்கொண்ட கணக்கெடுப்புத் துறை, இப்போது 200 எழுத்துகள் வரை படித்துக் குறியிட்டது. வெள்ளை என்று குறித்துவிட்டு, பூர்வீகம் போர்ட்டோ ரிக்கோ என்றும் எழுதியவர், துறையின் கணக்கில் ‘ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தவர்’ ஆகிவிட்டார். நாடு முழுவதும் லத்தீன் மக்களில் வெள்ளையர் மட்டும் என்போர் பாதிக்கு மேலிருந்து ஐந்தில் ஒன்றாகச் சரிந்தார்கள். போர்ட்டோ ரிக்கோவில் ஏறத்தாழ பாதிப்பேர் பல இனத்தவர் ஆனார்கள். காணாமல்போன வெள்ளையர் போன இடங்களில் பெரியது அது. எல்லாமே கணினியின் வேலை என்று தள்ளிவிடவும் முடியாது. ஆப்பிரிக்க மரபைச் சொல்ல வெட்கப்படாதீர்கள் என்று தீவில் கறுப்பினக் குழுக்கள் பல ஆண்டுகளாகப் பேசி வந்திருந்தன. அடுப்படியில் இருந்த பாட்டியைச் சிலர் கூடத்துக்கு அழைத்து வந்திருக்கிறார்கள்.

2024 மார்ச்சில் அமெரிக்க அரசு புதிய விதியை அறிவித்தது. இரண்டு கேள்விகள் ஒன்றாகும். வெள்ளை, கறுப்பு, ஆசியர் ஆகியவற்றோடு ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ என்பதும் ஒரு கட்டம். எத்தனை கட்டத்தையும் குறிக்கலாம். பலருக்கு இது நிம்மதி. ஆனால் தீவின் லோயிஸா போன்ற கறுப்பு ஊர்களிலிருந்து வந்தவர்கள் லத்தீனோ கட்டத்தை மட்டும் குறித்துவிட்டு நகர்ந்தால், அவர்கள்மேல் விழும் பாகுபாடு கணக்கிலேயே வராமல் போகும் என்று ஆப்ரோ லத்தீன் ஆய்வாளர்கள் அஞ்சுகிறார்கள். அவர்களில் ஒருவர் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகச் சமூகவியலாளர் நான்சி லோபஸ். உங்களை அறியாத ஒருவர் தெருவில் உங்களைப் பார்த்தால் எந்த இனம் என்று நினைப்பார் என்ற கேள்வியையும் தனியே கேளுங்கள் என்று அவர் நெடுநாளாக வலியுறுத்தி வருகிறார். குவயாமாவின் ரத்த அழுத்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், மருத்துவருக்கும் அரசுக்கும் தெரியவேண்டிய கேள்வி அதுதான். புதிய விதியில் அதற்கு இடம் இல்லை.